சந்தனப் புடவையில் சிவப்பு மெழுகு

அத்தியாயம் பதினொன்று

கூறைப் புடவையின் முந்தானையில் மெழுகு கொட்டிக் கிடப்பதைப் பார்த்துத் தங்கமணி அலமாரிக் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். ஒரு வாரமாக அந்த மனுஷியை அங்கேயே உட்கார வைத்துவிட்டேனே என்று உங்களில் பலருக்குக் கோபம். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இதோ, எழுந்துவிட்டாள். எழுந்து என்ன பிரயோஜனம் என்று கேட்காதீர்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கும் சபாபதி - தங்கமணி தம்பதியின் ஒரே மகள் சீதாலெட்சுமிக்கும், கிள்ளான் இராஜம்மாவின் ஒரே மகன் ராதாகிருஷ்ணனுக்கும். மாப்பிள்ளைக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. சொந்த வீடு, கார், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இருபத்தேழு வயதுவரை மகளை வைத்துக்கொண்டு ஊர் வாயில் அரைபட்ட தங்கமணிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் சொத்து. ரவிக்கைத் துணி வெட்டவும், ஓரம் அடிக்கவும்தான் அது இங்கே வந்தது. சந்தன நிறம், அரக்கு பார்டர். ஜோசியரிடம் கேட்டு இராஜம்மாவே தேர்ந்தெடுத்தது. இன்று மாலை அவரே நேரில் வந்து எடுத்துப்போய், அம்மன் காலடியில் வைத்துப் பூஜை செய்யப்போகிறார்.

இராஜம்மாவைப் பற்றிப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பரிசம் போட வந்த அன்று எதிரே ஒரு பூனை வந்ததென்று, பாதி வழியில் காரைத் திருப்பிக் கிள்ளானுக்கே போய், காலைக் கழுவிவிட்டு மறுபடியும் புறப்பட்டு வந்தவர். அழைப்பிதழில் கறுப்பு மை இருக்கக்கூடாதென்று அடித்த கார்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு, அரக்கு மையில் மறுபடியும் அடிக்க வைத்தவர். அப்பேர்ப்பட்டவர் கூறைப் புடவையில் கறை பார்த்தால் கல்யாணம் நடக்குமா? நடக்காது. தங்கமணிக்கு அது நன்றாகத் தெரியும்.

டோபி கடைக்கு போன் போட்டாள்.

"பட்டா? மெழுகா? ஐயோ அக்கா, அதெல்லாம் வெளிய அனுப்பிச்சுச் செய்யணும். அடுத்த வாரம்தான் கெடைக்கும். ஞாயித்துக்கிழமைக்கு சான்ஸே இல்லலா."

போனை வைத்துவிட்டுப் புடவையைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்தாள். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு மெழுகு. பக்கத்தில் இரண்டு மூன்று சொட்டுகள்.

"எப்படிடி விழுந்துச்சு இது?"

சீதா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். ஆபீஸில் லீவு சொல்லியாகிவிட்டது. கையில் மருதாணி போடவேண்டிய பெண். முகத்தில் கலக்கம் ஒன்றும் இல்லை.

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அன்னைக்கு கரண்ட் போச்சுல்ல? அப்ப விழுந்திருக்கும்."

அதுவும் சரிதான். போன வாரம் ஊரே இருண்டு போனபோது வீட்டில் கண்ட இடத்திலெல்லாம் மெழுகுவர்த்தி. டிவி தலையில் ஒன்று வைத்து, அது உருகி வழிந்து, பின்பக்கத்து ஓட்டைகள் வரைக்கும் இறங்கியிருந்தது. அதைச் சபாபதி தன் வேட்டியால் துடைத்தார். மகாராஜா சும்மா இருந்தாரா? அந்த வேட்டியை வாஷிங் மெஷினில் போட்டு வெந்நீரையும் ஊற்றினார். மெழுகு கரைந்து தொட்டி முழுக்கப் பூசிக்கொண்டது. அன்றிலிருந்து அந்த மெஷினில் எதைப் போட்டாலும் வெள்ளைத் திப்பி ஒட்டிக்கொண்டு வருகிறது.

இப்போதும் அவர் சும்மா இல்லை. கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் பார்ப்பார்களே என்று, வெண்ணெய்க் கத்தியை வைத்து டிவியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கத்தியப் போட்டுக் கீறாதீங்கப்பா, கோடு விழும்" என்று சீதா தன் தலைமுடி காய வைக்கும் டிரையரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதக் காட்டுங்க. இளகி வந்ததும் துணியால ஒத்தி எடுங்க. ஓட்டைக்குள்ள காத்தடிக்காதீங்க, உள்ள எறங்கிடும்."

"பாத்தியா தங்கம், படிச்ச பொண்ணு!" என்று சபாபதி சந்தோஷமாக டிரையரைப் பிடித்தார். கூறைப் புடவை விஷயத்தின் முழு ஆழம் அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. எதுவுமே அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும்.

தங்கமணி ஐஸ்கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முந்தானைமேல் வைத்தாள். விரல் மரத்துப் போகும்வரை அழுத்திப் பிடித்தாள். மெழுகு இறுகி, கரண்டிக் காம்பால் தட்டியதும் சில்லுச் சில்லாக உடைந்து வந்தது. முருகா என்று மனசு குதித்தது. ஆனால் பெரிய சில்லுகள் போன பிறகு, துணியின் இழைக்குள் ஊறிப்போன மெழுகு கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டு அங்கேயே இருந்தது. அதோடு சிவப்புச் சாயமும்.

அடுத்து இஸ்திரிப் பெட்டி. சூட்டைக் குறைத்து வைத்து, சீதாவின் பழைய புத்தகங்களுக்கு அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் பேப்பரைக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வைத்து மெல்லத் தேய்த்தாள். மெழுகு உருகிக் காகிதத்தில் ஏறியது. காகிதத்தை எடுத்துப் பார்த்தால் எண்ணெய்த் திட்டு. வேறு பக்கம் மாற்றித் தேய்த்தாள். இன்னொரு திட்டு. புடவையின் பளபளப்பு குறைந்துகொண்டே வந்தது.

"வருதுடி சீதா! வருது!"

சீதா தாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது பார்த்துப் பிரவுன் பேப்பர் தீர்ந்துவிட்டது. தங்கமணி நாற்காலிமேல் கிடந்த அன்றைய தமிழ்ப் பத்திரிகையை இழுத்தாள். வெள்ளிக்கிழமை அல்லவா? மேல் தாளில் பத்துமலை முருகன் வேலோடு நின்றான். ஐயையோ, சாமி படத்தின்மேல் சூட்டுப் பெட்டியை வைப்பதா! கன்னத்தில் போட்டுக்கொண்டு, அந்தத் தாளை மடித்து மரியாதையாகச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். வந்த அவசரத்தில், அடுத்த தாளில் என்ன இருக்கிறதென்று பார்க்கவே இல்லை. பாதியாக மடித்து முந்தானைமேல் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டையும் கூட்டிவிட்டாள்.

பத்திரிகை மை சூடான மெழுகில் கரையும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

காகிதத்தைத் தூக்கினாள். "அம்மாடியோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் சபாபதி டிரையரைக் கீழே போட்டார்.

சந்தனப் பட்டில் ஒரு கிழவரின் முகம். மூக்குக் கண்ணாடி, நெற்றியில் பட்டை. தலைக்கு மேலே எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பி நின்றன. திரும்பியிருந்தாலும் பெரிய எழுத்து, படிக்க முடிந்தது. கண்ணீர் அஞ்சலி.

சாமி படத்துக்கு மரியாதை செய்தவளுக்கு இதுவா கூலி? அந்தப் பக்கம் முழுக்க மரண அறிவிப்பு.

தங்கமணி முகப்பவுடரைக் கொட்டினாள். பஞ்சால் ஒத்தினாள். ஐஸ் வைத்தாள். கிழவரின் கண்ணாடி கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டியின் அடியில் சிவப்பும் கறுப்புமாக மெழுகு அப்பிக்கொண்டது. அதைப் பழைய துண்டில் உப்பைத் தூவித் தேய்த்தாள். பெட்டி சுத்தமானது, புடவை ஆகவில்லை.

சபாபதி வந்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"போச்சு... இத அந்தம்மா பாத்தா அவ்வளவுதான், தங்கம்." பிறகு, ஒன்றும் புரியாதவராக விரலால் முந்தானையைத் தொட்டார். "ஆமா, இது என்னா சிவப்பா இருக்கு? டிவில இருந்து நான் எடுத்தது வெள்ளையால்ல இருக்கு?"

தங்கமணியின் கை நின்றது.

டிவியில் வெள்ளை. வேட்டியில் வெள்ளை. வாஷிங் மெஷினில் வெள்ளை. கரண்ட் போன அன்று இந்த வீட்டில் எரிந்ததெல்லாம் வெள்ளை மெழுகுவர்த்திதான். மறுநாள் இவர் கடைக்குப் போய், வெள்ளை தீர்ந்துவிட்டதென்று சீனர் கடையில் சாமிக்கு ஏற்றும் சிவப்பு மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். பிரிட்ஜ் தலையில் கிடக்கிறது. அதற்குப் பிறகு கரண்ட் போகவே இல்லை.

பிரிட்ஜ்மேல் பார்த்தாள். பாக்கெட் பிரிந்திருந்தது. ஒன்றின் திரி கருகியிருந்தது.

"என்னங்க, பாசாருக்குப் போய் வெத்தல பாக்கு, வாழப்பழம் வாங்கிட்டு வாங்க. வர்றவங்களுக்குத் தட்டுல வெக்க ஒண்ணுமில்ல."

"இப்பவா? இந்த நேரத்துலயா தங்கம்?"

"போங்கன்னா போங்களேன்!"

அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டியதும் தங்கமணி மகள் பக்கம் திரும்பினாள். கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நான்தாம்மா ஊத்துனேன்" என்றாள் சீதா.

தங்கமணியின் கை ஓங்கியது. விரலெல்லாம் மெழுகு. அடிக்காமல் அப்படியே நின்றது.

"ஏண்டி? ஏண்டி பாவி? யாரையாச்சும் மனசுல வெச்சிருக்கியா?"

"யாருமில்ல. இருந்தா சொல்லியிருப்பேன்." சீதாவின் குரல் உடைந்தது. "பரிசத்தன்னைக்கு, தண்ணி கேட்டு அவர் சமையல்கட்டுப் பக்கம் வந்தாரே, ஞாபகம் இருக்கா? குடிக்கல. டம்ளர கையில வெச்சுக்கிட்டு, 'நீங்களே வேணாம்னு சொல்லிடுங்களேன்'னாரு. ஏன்னு கேட்டேன். அதுக்குள்ள அவங்கம்மா கூப்ட்டுட்டாங்க. போய்ட்டாரு. நான் உங்கிட்ட சொன்னேன்லம்மா."

சொன்னாள்தான். தங்கமணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'பையனுக்குக் கூச்சம், உங்கிட்ட வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாரு' என்று சிரித்து மழுப்பியது இவள்தானே?

"அப்பாகிட்டயும் சொன்னேன். 'கார்டு அடிச்சாச்சு, மண்டபம் பேசியாச்சு'ன்னாரு. நான் வாயால சொல்றது இந்த வீட்ல யாருக்கும் கேக்கல. சரி, அவங்கம்மாவுக்காவது கேக்கட்டும்னுதான். அவங்களுக்குப் புரியற பாஷை சகுனம் ஒண்ணுதானே? அவங்களே கல்யாணத்த நிறுத்தட்டும். உங்களுக்கும் கெட்ட பேரு வராது. பையன் வீடு சகுனம் பாத்து நிறுத்திட்டாங்கன்னு போயிடும்."

இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் முந்தானையைப் பார்த்தாள். கிழவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, அழுகையோடு ஒரு சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"நான் ஊத்துனது பத்தாதுன்னு நீயே பெரிய சகுனமா ஒட்டி வெச்சிட்ட."

தங்கமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் வந்த வழியே போய்விட்டது. சொன்னாளே, சொன்னாளே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கல்யாணம் நின்றால் ஊர் சிரிக்கும். அக்கா தங்கைகள் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து உட்காருவார்கள். சபாபதி ஒரு மாதத்துக்குத் தலை நிமிர மாட்டார். சரி, நிமிர வேண்டாம். பெண் நம்மோடு இருப்பாள்.

கையில் இருந்த பஞ்சைக் குப்பையில் போட்டாள். புடவையை மடிக்கவில்லை. முந்தானை மேலே தெரியும்படி மேசைமேல் விரித்தே வைத்தாள்.

"வரட்டும். பாக்கட்டும். அவங்களே முடிவு பண்ணட்டும்" என்றாள்.

சீதா வந்து தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு இப்படிச் செய்தது இதுதான் முதல் தடவை.

வெயில் இறங்கும் நேரத்துக்குக் கார் வந்தது. ஓட்டி வந்தவர் இராஜம்மாவின் தம்பி தம்புசாமி. அவர் காரிலேயே உட்கார்ந்துகொண்டார். இராஜம்மா மட்டும் வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். நெற்றி நிறைய விபூதிக்கீற்று, கையில் பூஜைத் தட்டு. பாசாரிலிருந்து திரும்பியிருந்த சபாபதி வெற்றிலைத் தட்டோடு எதிரே வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சு..."

தங்கமணி அவரைப் பேசவிடவில்லை. "நீங்களே பாத்துக்குங்க சம்பந்தி" என்று மேசையைக் காட்டினாள்.

இராஜம்மா குனிந்தார். சிவப்புச் சாயத்தைப் பார்த்தார். கிழவரின் முகத்தைப் பார்த்தார். திரும்பி நின்ற எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிப்பது உதட்டசைவில் தெரிந்தது. கடைசி எழுத்துக்கு வந்ததும் உதடு நின்றது. சீதா கதவோரம் நின்றாள்.

இப்போது வெடிக்கும். தட்டைத் தூக்கி எறிவார். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்பார். தங்கமணி அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். எந்தப் பெண்ணைப் பெற்றவள் அப்படிக் காத்திருப்பாள்!

இராஜம்மா தட்டைக் கீழே வைத்தார். புடவையை இரண்டு கையாலும் எடுத்தார். முகம் உள்ளே போகும்படி முந்தானையை மடித்தார். அதன்மேல் இன்னொரு மடிப்பு. அப்புறம் இன்னொன்று.

"மெழுகுதானே சம்பந்தி" என்றார். "முந்தானைய உள்பக்கமா மடிச்சுப் பின் குத்திட்டா யாருக்குத் தெரியப்போவுது? இதுக்கா இவ்ளோ பயந்தீங்க?"

சபாபதிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்னா பெரிய மனசு! பாத்தியா தங்கம்? நான் சொன்னேன்ல, தங்கமான எடம்லா இது!"

சீதா சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

தங்கமணிக்கு மட்டும் கணக்கு இடித்தது. ஒரு பூனைக்காகக் கிள்ளானுக்குத் திரும்பிப் போன பெண்பிள்ளை இவர். கல்யாணக் கார்டில் ஒரு பொட்டுக் கறுப்பு மை பொறுக்காதவர். செத்துப்போனவரின் முகத்தையே மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகிறார் என்றால்? இதைவிடப் பெரிய பயம் ஒன்று அவர் வீட்டில் இருக்கவேண்டும். அது என்ன பயம்? அதற்கு என் மகளா மருந்து?

வெற்றிலைத் தட்டைக்கூட இராஜம்மா எடுக்கவில்லை. வாசலைத் தாண்டிவிட்டார். தங்கமணி செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. உங்க பையனுக்கு என்னா?"

தம்புசாமி எதிரே தெருவைப் பார்த்தபடி இஞ்சினைக் கிளப்பினார்.

இராஜம்மாவின் முகத்தில் இத்தனை நாளும் இருந்த அதிகாரம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வயசான, தூக்கமில்லாத ஒரு தாயின் முகம் அது. மெழுகு ஒட்டியிருந்த தங்கமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தி என்று கூப்பிடவில்லை.

"கல்யாணம் முடியட்டும் தங்கமணி. அப்புறம் நானே சொல்றேன்."

கார் போய்விட்டது.

அவள் எவ்வளவு நேரம் அங்கே நின்றாளோ, உள்ளே இருந்து சபாபதியின் குரல் கேட்டது. "தங்கம்! டிவி புதுசு மாதிரி ஆயிருச்சு, வந்து பாரு!" படியேறி உள்ளே வந்தாள். இப்போதே, இந்த நிமிஷமே சொல்லிவிடலாம். கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை. சபாபதி சிரித்துக்கொண்டே மண்டபத்துக்காரருக்கு போன் போட்டு, வாழைமரம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சொல்ல வாயைத் திறந்தாள். எந்தச் சகுனமும் நிறுத்தாத கல்யாணத்தை, ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்று இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்லி நிறுத்துவாள்? யார் நம்புவார்கள்? வாயை மூடிக்கொண்டாள்.

சீதா கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். கண்ணில் இன்னும் ஒரு துளி ஆசை மிச்சம் இருந்தது.

"கார் வரைக்கும் ஓடுனியே, என்னம்மா சொன்னாங்க?"

தங்கமணி மேசைமேல் ஒட்டியிருந்த சிவப்பு மெழுகை நகத்தால் சுரண்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வெள்ளனவே மண்டபத்துக்கு வந்துடச் சொன்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலயா?"

"இல்ல."

சீதா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய்யை உள்ளே வைத்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? காலையிலிருந்து அப்படி ஒன்றைத் தானே வைத்திருந்தவள் அவள்.

"சரிம்மா" என்றாள். பிறகு மருதாணி அரைக்க உள்ளே போனாள்.